முதல் டெஸ்ட் கணவருக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன லேபில் வேலை பார்க்கிறேன். சர்க்கரை, தைராய்டு, டெங்கு என்று வருகிற கூட்டத்துக்கு நடுவே என் மைக்ராஸ்கோப்புக்கு வருகிற சாம்பிள்களில் விந்தணுப் பரிசோதனையும் ஒன்று. பல வருஷமாகப் பார்த்துப் பார்த்து மனசில் சேர்ந்துபோன ஒரு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகவில்லை என்றால், மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவதற்கு முன்னால் கணவருக்கு அந்த ஒரு டெஸ்டைப் பண்ணிவிடுங்கள். சில நூறு ரூபாய் ஆகும். ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, அன்றைக்கே ரிசல்ட் கையில் கிடைக்கும்.

இப்போது நடப்பது தலைகீழ். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, இந்தப் பக்கம் பாகூர் என்று வருகிற பெண்கள் கையில் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். மாதவிலக்கான இரண்டாம் நாள் எடுத்த ஹார்மோன் டெஸ்ட், முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டுகிற ஏ.எம்.எச்., முட்டை வளர்கிறதா என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்த ஸ்கேன், கருப்பை வாய் வழியாக மருந்தைச் செலுத்திக் கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கிற எச்.எஸ்.ஜி., அந்த வலியைப் பற்றிக் கேட்டாலே முகம் சுருங்கிவிடும். சிலருக்கு வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியும் முடிந்திருக்கும். இது ஆஸ்பத்திரிக் கணக்கு. வீட்டுக் கணக்கு தனி. திருக்கருகாவூர் நெய் ஒரு மண்டலம், அமாவாசைக்கு மேல்மலையனூர், மரத்தில் கட்டின தொட்டில், வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விட்ட சொந்தக்காரர்கள். சாமி கும்பிடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் அந்த ஃபைலைக் கடைசி வரை புரட்டினாலும் கணவர் பெயரில் ஒரு தாள் இருக்காது. குழந்தை இல்லாத தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணம் இருக்கிறது, தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ. பாதி வாய்ப்புள்ள ஒரு பக்கத்தைத் திறந்தே பார்க்காமல் இன்னொரு பக்கத்தை மட்டும் வருஷக்கணக்கில் நோண்டுவதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

அவருக்கு ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால் கூட வந்த மாமியார் சொல்வார்: "எம்புள்ளைக்கு என்னம்மா, நல்லாத்தான் இருக்கான்." கணவரும் அதையே வேறு மாதிரி சொல்வார், "எனக்கு அந்த மாதிரி பிரச்சினை எதுவும் இல்லைங்க மேடம்." அவர்கள் சொல்வது பொய் இல்லை. மீசை இருக்கிறது, குரல் இருக்கிறது, உடம்பில் பலம் இருக்கிறது, தாம்பத்தியத்தில் குறை இல்லை. ஆனால் இதற்கும் விந்தணுவுக்கும் உடம்புக்குள் வேறு வேறு ஆட்கள் பொறுப்பு.

விந்தணு உருவாகிற விதைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நாலைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த உறுப்பு உள்ளே சுமார் 250 சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் ஒன்று முதல் நாலு வரை மெல்லிய குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. எல்லாவற்றையும் நீட்டி வைத்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் வரும். இந்தக் குழலின் உள்சுவரில்தான் விந்தணு உருவாகிறது. அவற்றுக்கு இடம் கொடுத்து, ஊட்டம் கொடுத்து வளர்ப்பவை செர்டோலி செல்கள். குழலுக்கு வெளியே, குழல்களுக்கு இடையிலிருக்கும் சந்துகளில் லீடிக் செல்கள் இருக்கின்றன. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது இவை. மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்கிற ஹார்மோனால் லீடிக் செல்லுக்கும், எஃப்.எஸ்.எச். என்கிற ஹார்மோனால் செர்டோலி செல்லுக்கும் தனித்தனியாக உத்தரவு போடுகிறது. ஒரே கட்டடத்தில் இயங்கும் இரண்டு ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே மற்றொன்று பூட்டிக் கிடக்கலாம். மீசையும் ஆசையும் லீடிக் செல் பார்த்துக்கொள்கிற சங்கதி. விந்தணு வேறு கணக்கு. ஆகவே ரிப்போர்ட்டில் எண்ணிக்கை குறைந்தால் ஒருவரின் ஆண்மை குறைந்தது என்று பொருள் இல்லை, அதே போல ஆண்மையில் குறையில்லை என்பதால் எண்ணிக்கை சரியாக இருக்கும் என்றும் பொருள் இல்லை. இந்த ஒரு விஷயம் வீடுகளில் புரிந்துவிட்டால் என் வேலை பாதி குறையும்.

கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. வெளிவருகிற திரவத்தில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ சிறுநீர்ப்பைக்குப் பின்னாலிருக்கும் விந்துப்பைகளிலிருந்து வருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியினுடையது. விதையிலிருந்து வருவது சில சதவீதம்தான். அதனால் ஓர் அணு கூட இல்லாத சாம்பிளும் அளவிலும் நிறத்திலும் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். கு.க. ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களுக்குத் திரவம் நின்றுவிடாததும் இதனால்தான்.

எனக்கு இன்னொரு ஆதங்கம் உண்டு. மனித இனப்பெருக்கத்தில் மனுஷன் கண்ணால் முதலில் பார்த்ததே ஆண் பக்கத்தைத்தான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த லேவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாக 1677ல் விந்தணு நெளிந்து நீந்துவதைப் பார்த்தார். பாலூட்டிகளின் முட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் கண்டுபிடித்தது 1827ல், அதாவது 150 வருஷம் கழித்து. காரணம் எளிது, முட்டை உடம்புக்குள் ஒளிந்திருக்கிறது. இன்றைக்கும் ஒரு பெண்ணின் முட்டையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஊசி செலுத்தித்தான் எடுக்க வேண்டும். ஸ்கேனில் தெரிவது முட்டையைச் சுமக்கிற நீர்க்குமிழி மட்டும். விந்தணுவோ ஒரு டப்பாவில் வந்து அரை மணி நேரத்தில் கண் முன்னால் நீந்துகிறது. இவ்வளவு சுலபமாகப் பார்க்கக் கூடியதைக் கடைசியில் வைப்பதற்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, குறை எங்கிருந்து வருகிறது? நிறையச் சமயம் காரணம் தெரியாமலே போய்விடும். தெரிந்தவற்றில் முதலாவது சூடு. விந்தணு உருவாக உடம்பின் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும், அதனால்தான் விதை வயிற்றுக்கு வெளியே தொங்குகிறது. ஆனால் அது உருவாவது வெளியே இல்லை. தாயின் வயிற்றிலிருக்கும் ஆண் சிசுவுக்கு விதைகள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் தோன்றுகின்றன. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் தொடை இடுக்கைக் கடந்து விதைப்பைக்குள் வந்து சேர்கின்றன. நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு ஒன்றோ இரண்டோ இறங்காமல் நின்றுவிடும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் அதிகம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக இறங்கிவிடும். அதற்கு மேலும் இறங்கவில்லை என்றால் ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்து இறக்கிவைக்க வேண்டும். தள்ளிப்போட்டால் உள்சூட்டில் அந்தக் குழல்கள் கெட்டுப்போகும், பின்னாளில் புற்றுநோய் வாய்ப்பும் கூடுகிறது. நம் ஊரில் பச்சைக் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற பாட்டிகள் இருக்கிறார்களே, அவர்கள் கைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டும்போது பை தளர்ந்திருக்கும், அப்போது இரண்டும் தட்டுப்படுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். முப்பது வயதில் என்னிடம் வந்து நிற்கிற சிலருடைய கதை ஒரு வயதிலேயே கவனித்திருக்க வேண்டிய கதை.

அந்த இறங்கி வந்த பயணத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. விதையின் ரத்தக் குழாய்கள் மேலே சிறுநீரகம் வரைக்கும் நீண்டிருக்கின்றன. வலது பக்கச் சிரை நேராகப் பெரிய சிரையில் சாய்வாகப் போய்ச் சேர்கிறது, இடது பக்கத்தினுடையது இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாக முட்டுகிறது. அதனால் இடது பக்கம் ரத்தம் தேங்கிச் சிரைகள் தடித்துப் போவது அதிகம். வேரிகோசீல் என்பது இதுதான். ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இருக்கிறது, குழந்தையில்லாமல் பரிசோதனைக்கு வரும் ஆண்களில் நூற்றுக்கு முப்பத்தைந்து நாற்பது பேருக்கு. இருந்தும் குழந்தை பெற்றவர்கள் ஏராளம், அதனால் பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். எண்ணிக்கையும் குறைந்திருந்து, கைக்கும் தட்டுப்பட்டால் டாக்டர் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்.

வேலைச் சூடும் சேரும். கொதிகலன் பக்கத்தில் நிற்பவர்கள், பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நாள் முழுக்க வேகிறவர்கள், பண்ருட்டிப் பக்கம் முந்திரி வறுக்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள். எல்லோரையும் பாதிக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே வேலையைச் சொல்லிவிடுங்கள். புகையிலை எந்த வடிவத்தில் இருந்தாலும் விந்தணுவுக்கு ஆகாது. அப்புறம் பூச்சிமருந்து. 1977ல் கலிஃபோர்னியாவில் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது, நம்மில் பலருக்கும் குழந்தையே பிறக்கவில்லையே என்று கவனித்தார்கள். பரிசோதித்துப் பார்த்ததில் பலருக்கு எண்ணிக்கை பூஜ்யமாகவோ மிகக் குறைவாகவோ இருந்தது. மண்ணிலுள்ள நூற்புழுவைக் கொல்கிற டி.பி.சி.பி. என்கிற ரசாயனம் அதற்குக் காரணம். அந்த ஒரு மருந்தை வைத்து எல்லா மருந்தையும் அப்படி என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் முகத்தில் ஒரு துண்டு கூடக் கட்டாமல் கொல்லையில் மருந்தடிக்கிற தம்பிகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஒரு விந்தணு உருவாகி முடிக்கச் சுமார் 74 நாள் ஆகும். அதற்கு மேல் விதைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் என்கிற, நீட்டினால் ஆறு மீட்டர் வருகிற ஒற்றைக் குழாயில் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை கிடந்துதான் நீந்தக் கற்றுக்கொள்கிறது. ஆக, இன்று மைக்ராஸ்கோப்பில் தெரிவது இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த உடம்பு இருந்த நிலைமை. ஐப்பசி கார்த்திகையில் டெங்குக் காய்ச்சலில் படுத்தவர் தை மாசத்தில் சாம்பிள் கொடுத்தால் எண்ணிக்கை விழுந்திருக்கலாம், அதைப் பார்த்து இடிந்து போகக் கூடாது. காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சிகிச்சைக்கும் இதே கணக்குதான். சிகரெட்டை நிறுத்திப் பத்து நாளில் டெஸ்டுக்கு வந்தால் பழைய கணக்குதான் தெரியும்.

ஜிம்முக்குப் போகிற பையன்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உடம்பு ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் ரத்தத்தில் அது ஏறும், பிட்யூட்டரி "போதுமான அளவு இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும். குழல்களுக்கு ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விதைக்குள்ளேயே சுரந்தாக வேண்டும், அது நின்றதும் விந்தணு உற்பத்தியும் நின்றுவிடும். இது பெரும்பாலோருக்கு நடக்கிற விஷயம் என்பதால், இந்த ஊசியையே ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்து 1990ல் உலக சுகாதார நிறுவனம் முடிவை வெளியிட்டது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும், மாதக்கணக்கில் ஆகும். புஜம் நன்றாக இருக்கிற, முப்பது வயது கூட ஆகாத பையன்களின் சாம்பிளில் ஒன்றுமே இல்லாமல் பார்க்கும்போது மனசு கனத்துப் போகும்.

டெஸ்டுக்கு வருவது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் கேட்க வெட்கப்பட்டே பலர் சாம்பிளைக் கெடுத்துவிடுகிறார்கள். கடைசியாக விந்து வெளியேறியதற்கும் டெஸ்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு நாள், அதிகபட்சம் ஏழு நாள் இடைவெளி இருக்க வேண்டும். ரொம்ப நாள் சேர்த்துவைத்தால் நல்லது என்று ஒரு மாதம் விட்டு வருகிறார்கள். எண்ணிக்கை கூடலாம், ஆனால் நீந்துகிற சக்தி குறைந்து போகும். லேபில் கொடுக்கிற டப்பாவில் மட்டும் எடுங்கள், சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் கூடாது. சாதாரண ஆணுறையில் எடுத்து வரவே கூடாது, அதிலிருக்கும் ரசாயனம் அணுக்களைக் கொன்றுவிடும். முக்கியமாக, முதலில் வருகிற துளிகள் தவறிவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். விந்தணு பெரும்பாலும் அந்த முதல் பகுதியில்தான் இருக்கிறது, பின்னால் வருவதில் விந்துப்பைத் திரவமே அதிகம். முதல் பகுதி போய்விட்டால் ரிப்போர்ட் தப்பாகும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அரை மணிக்குள் கொண்டுவர வேண்டும். வண்டி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு மழையில் வராமல் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வாருங்கள், குளிர் பட்டால் அசைவு குறையும்.

"ஜென்ட்ஸ் யாரும் இல்லையா மேடம்?" என்று தலை குனிந்தபடி கேட்பார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. டப்பாவைக் காகிதக் கவரில் போட்டுத்தான் கொடுப்பேன், கூட்டத்துக்கு நடுவே பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். தாழ்ப்பாள் சரியாக விழுகிற ஒரு அறையும், கதவைத் தட்டாத ஊழியர்களும் எல்லா லேபிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு லேபுக்குப் போங்கள், அதில் தப்பே இல்லை.

சாம்பிள் கெட்டியாக வரும், அரை மணி நேரத்தில் தானாக நீர்த்துவிடும். அதன் பிறகு ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து, 400 மடங்கு பெரிதாக்கி, குறைந்தது 200 அணுக்களை எண்ண வேண்டும். முன்னேறி நீந்துவது, இருந்த இடத்திலேயே ஆடுவது, அசையாதது என்று பிரித்து எழுதுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ம் வருஷக் கையேட்டின்படி கீழ் எல்லை இது: அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, மொத்தம் 3.9 கோடி, முன்னேறி நீந்துவது 30 சதவீதம், வடிவம் சரியாக இருப்பது 4 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் பலரும் கலங்கிப் போகிறார்கள். "மீதி 96 பர்சென்ட் கோணலாமே" என்று. உலகத்தில் நல்ல ஆரோக்கியமான ஆணுக்கும் பெரும்பாலான விந்தணுக்கள் தலையிலோ கழுத்திலோ வாலிலோ கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், அது இயல்பு. இன்னொன்று, இந்த எல்லைகள் பாஸ் மார்க் கிடையாது. ஒரு வருஷத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை அளந்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துப் போட்ட கோடு. அதாவது அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களும் அப்பா ஆனவர்கள்தான். அதனால் ரிப்போர்ட்டை நீங்களே படித்து முடிவு கட்டாதீர்கள். ஒரு முறை குறைந்தால் கொஞ்ச நாள் விட்டு இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும், ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை அவ்வளவு ஏறி இறங்கும்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் பக்கம் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறவர்கள் நிறைய. "கல்யாணமாகி அஞ்சு வருஷம் ஆச்சு" என்று மாமியார் கணக்குச் சொல்வார். வருஷத்துக்கு 40 நாள் லீவ் என்றால் ஐந்து வருஷத்தில் சேர்ந்திருந்தது 200 நாள். குழந்தையின்மை என்று மருத்துவம் பேச ஆரம்பிப்பதே 12 மாதம் விடாமல் சேர்ந்திருந்த பிறகுதான். அதிலும் முட்டை வெளிவந்தால் 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு பெண் உடம்புக்குள் ஐந்து நாள் வரை தாங்கும். ஆக மாதத்தில் கரு உண்டாகக் கூடியது முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். 40 நாள் லீவில் இப்படி ஒரு வாய்ப்பு வரும், மிஞ்சிப் போனால் இரண்டு. எந்தக் குறையுமில்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு உண்டாகும் வாய்ப்பு நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான். முட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். 28 நாள் சுற்றுள்ளவருக்கு அது 14ம் நாள், 35 நாள் சுற்றுள்ளவருக்கு 21ம் நாள். லீவ் போடும்போது இதைக் கணக்குப் பார்த்துப் போட்டால் பல வீடுகளில் அந்தப் பெண் மேல் விழுகிற பழிச்சொல் விழாமலே போகும். ஊருக்கு வந்த கையோடு அவர் ஒரு டெஸ்டும் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் ரூம் போட்டு, விந்து வீணாகிவிட்டது என்று பயமுறுத்தி லேகியம் விற்கிறவர்களிடம் போகாதீர்கள். விந்தணு தினமும் கோடிக்கணக்கில் உருவாகிக்கொண்டே இருக்கிறது. வெளியே வராதவை சிதைந்து உடம்பிலேயே கலந்துவிடும், அல்லது சிறுநீரோடு போய்விடும். சின்ன வயசுப் பழக்கத்தால் அது தீர்ந்துபோகாது.

கடைசியாகப் பூஜ்யம். நேராகப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால் உடனே பூஜ்யம் என்று எழுதிவிட மாட்டோம், சாம்பிளைச் சுழற்றி அடியில் படிந்ததை எடுத்து முழுக்கத் தேடுவோம். அப்போதும் இல்லை, இரண்டாவது சாம்பிளிலும் இல்லை என்றால் டாக்டர் பார்ப்பது, இது வழியில் அடைப்பா, உற்பத்தியிலேயே நின்றதா என்று. எஃப்.எஸ்.எச். சாதாரணமாக, விதையும் நல்ல அளவில் இருந்தால் அடைப்பாக இருக்கலாம். எஃப்.எஸ்.எச். ஏறிப்போய் விதையும் சுருங்கியிருந்தால் உற்பத்தியில் சிக்கல். பருவம் வந்த பிறகு வந்த பொன்னுக்கு வீங்கி விதையைத் தாக்கியிருக்கலாம், பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கலாம். சிலருக்கு விந்தணுவை வெளியே கொண்டுவருகிற குழாயான விந்து நாளமே பிறவியில் இருக்காது, டாக்டர் விரலால் தொட்டே கண்டுபிடித்துவிடுவார். அடைப்பு என்றால் விதையிலிருந்து நேரடியாக அணுவை எடுக்க முடியும். உற்பத்திக் குறைவிலும் சில சமயம் குழல்களில் அங்கங்கே கொஞ்சம் கிடைக்கும். 1992ல் பிரஸ்ஸல்ஸ் குழு இக்ஸி முறையை அறிவித்ததிலிருந்து ஒரு முட்டைக்கு ஒரே ஒரு விந்தணு இருந்தாலே போதும், ஊசியால் உள்ளே செலுத்திவிடலாம். எதுவும் கிடைக்காதவர்களுக்குக் கொடையாளர் விந்து என்கிற வழியும் இருக்கிறது. 2021ம் வருஷத்துச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அது பதிவு பெற்ற வங்கி மூலமாகத்தான் வர வேண்டும், கணவன் மனைவி இருவரும் எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். இதில் எந்த வழியாக இருந்தாலும் மனைவியின் வயது கூடக் கூட வாய்ப்பு குறையும். அவரை நாலு வருஷம் அலையவிட்டு ஐந்தாம் வருஷம் கணவர் டெஸ்டுக்கு வந்தால், போன அந்த நாலு வருஷத்தை எந்த டாக்டராலும் திருப்பித் தர முடியாது.

இரண்டாவது முறை சாம்பிள் கொடுக்க வருகிறவர்கள் முதல் ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள். கடந்த மூன்று மாதத்தில் வந்த காய்ச்சல், சாப்பிட்ட மாத்திரை, போட்ட ஊசி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வந்தால் எனக்கும் டாக்டருக்கும் உதவும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம், ஆறு மாதத்திலேயே இரண்டு பேருமாகப் போய் டாக்டரைப் பாருங்கள். காலையில் சீக்கிரம் வந்தால் லேபில் கூட்டம் குறைவாக இருக்கும்.